பர்செல் விளைவு: ஒரே பத்தியில் எழுதிய யோசனை குவாண்டம் புள்ளிகளுக்கு வழிகாட்டியது எப்படி?

குவாண்டம் புள்ளிகளில் இருந்து ஒற்றை ஒளித்துகளை எடுக்க முயலும் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் ஒரு பெயர் காதில் விழாமல் இருக்காது. பர்செல். புதிதாக ஒரு ஒளிக்குழியை, அதாவது ஆய்வாளர்கள் 'கேவிட்டி' என்று சொல்லும் நுண்ணிய அமைப்பை வடிவமைத்தால், அதன் பர்செல் காரணி எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

யார் இந்தப் பர்செல்? குவாண்டம் புள்ளி ஆராய்ச்சியாளரா என்றால், இல்லை. லேசர் விஞ்ஞானியா? அதுவும் இல்லை. ஒளிக்குழி எதையும் அவர் செய்ததில்லை. அமெரிக்க இயற்பியலாளரான எட்வர்ட் மில்ஸ் பர்செல் நோபல் பரிசு வாங்கியது, இன்றைய எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடித்தளமான கண்டுபிடிப்புக்காக. அந்த வேலைக்கு நடுவே, 1946-ல், ஒரு மாநாட்டுக்காக அவர் எழுதிய ஒரே ஒரு பத்திதான் பர்செல் விளைவு. எந்தக் காரியத்துக்காக எழுதினாரோ அதற்கு அந்த யோசனை பயன்படவே இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, அவர் நினைத்தும் பார்க்காத இடத்தில் அது முளைத்தது.

தொலைபேசி வீட்டுப் பிள்ளை

1912 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டெய்லர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார் பர்செல். அப்பா உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தின் மேலாளர். அம்மா ஆசிரியை. வீட்டைச் சுற்றிப் பழைய தொலைபேசிக் கருவிகளும் ஒயர்களும் கிடக்கும். அப்பாவின் நிறுவனத்துக்கு வரும் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழ்களைப் பையன் எடுத்துப் படிப்பான். பாதி புரியாது. ஆனாலும் கணக்கும் படமும் கருவியும் ஒன்றுசேரும் அந்த உலகம் அவனுக்குப் பிடித்துப்போனது.

பர்டியூ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1933-ல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே இயற்பியல் பக்கம் மனம் சாய்ந்துவிட்டது. பரிமாற்ற மாணவராக ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகருக்கு ஓராண்டு போனார். கப்பல் பயணத்தில் அறிமுகமான பெத் என்ற சக மாணவிதான் பின்னாளில் அவருக்கு மனைவி ஆனார். திரும்பி வந்து ஹார்வர்டில் சேர்ந்து 1938-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது.

ரேடார் கற்றுத்தந்த பாடம்

போர்க்காலத்தில் எம்.ஐ.டி.யில் இயங்கிய கதிர்வீச்சு ஆய்வகத்தில் அமெரிக்காவின் பெரிய பெரிய இயற்பியலாளர்கள் எல்லாம் கூடினார்கள். ரேடார் செய்வதுதான் வேலை. அங்கே அடிப்படை மேம்பாட்டுக் குழுவுக்குப் பர்செல் தலைவர். மேலும் மேலும் சிறிய அலைநீளத்துக்கு ரேடாரைக் கொண்டுபோவது அந்தக் குழுவின் பொறுப்பு.

அங்கே ஒரு சறுக்கலும் நடந்தது. 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு ரேடாரை உருவாக்கினார்கள். படம் துல்லியமாக வரும் என்று எதிர்பார்ப்பு. ஆனால் காற்றில் இருக்கும் நீராவி, சரியாக அந்த அலைநீளத்தை ஒட்டியே நுண்ணலையை உறிஞ்சிக்கொள்கிறது! ஈரப்பதம் அதிகமுள்ள பகுதிகளில் ரேடாரின் எட்டும் தூரம் குறைந்துபோனது. ராணுவத்துக்கு அது தலைவலி. பர்செலுக்கோ அது பாடம். மூலக்கூறுகளும் அணுக்களும் ரேடியோ அலையோடு பேசும் என்பதைக் கண்முன் பார்த்துவிட்டார்.

இன்னொரு விஷயமும் கைவந்தது. உலோகப் பெட்டிக்குள் அலையை அடைத்து, ஒரே அதிர்வெண்ணில் முன்னும் பின்னும் ஆடவைக்கும் கலை. ரேடாரின் இதயமே அதுபோன்ற குழிகள்தான். பெட்டியின் அளவும் வடிவமும்தான் எந்த அலை உள்ளே தங்கும், எது தங்காது என்பதைத் தீர்மானிக்கும். கோயில் மண்டபத்தில் ஒரு குறிப்பிட்ட சுருதியில் பாடினால் மட்டும் ஒலி நிறைந்து நிற்கும் இல்லையா, அதே கதைதான்.

மெழுகுக்குள் கேட்ட சத்தம்

1945-ல் போர் முடிந்தது. ஆய்வகத்தை மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. பகலில் ரேடார் பற்றிய நூல்கள் எழுதும் பணி. அந்த இடைவெளியில் பர்செல், ஹென்றி டோரி, ராபர்ட் பவுண்ட் மூவரும் மாலையிலும் வார விடுமுறையிலும் ஒரு சோதனையில் இறங்கினார்கள்.

யோசனை இதுதான். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அதற்கு இரண்டு நிலைகள். ஒன்று கீழே, ஒன்று கொஞ்சம் மேலே. சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைக் கொடுத்தால், கீழ்நிலையில் இருப்பவை அதை உறிஞ்சி மேலே தாவ வேண்டும். அந்த உறிஞ்சலைக் கருவியில் பார்க்க முடியுமா?

காந்தம் ஹார்வர்டில் இருந்த பழையது. காஸ்மிக் கதிர் ஆய்வுக்காகச் செய்தது. மாதிரிப் பொருள் சாதாரண பாரஃபின் மெழுகு. சுமார் 850 கன சென்டிமீட்டர் மெழுகை ஓர் ஒத்ததிர்வுக் குழிக்குள் அடைத்தார்கள். அதிர்வெண் 30 மெகாஹெர்ட்ஸ் அளவில்.

இங்கேதான் ஒரு பெரிய பயம் இருந்தது. மெழுகைக் காந்தத்துக்குள் வைத்ததுமே கருக்கள் கீழ்நிலையில் போய் உட்கார்ந்துவிடாது. தொடக்கத்தில் மேலும் கீழும் ஏறக்குறைய சரிபாதி இருக்கும். அப்படியே இருந்தால், மேலே தாவுவதும் கீழே விழுவதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்; கருவியில் ஒன்றும் தெரியாது. கருக்கள் ஆற்றலை வெளியே விட்டுக் கீழிறங்க எவ்வளவு நேரம் ஆகும்? யாருக்கும் தெரியாது. மணிக்கணக்கில் ஆகலாம் என்று நினைத்து, மெழுகைக் காந்தப்புலத்திலேயே நீண்ட நேரம் ஊறப் போட்டார்கள்.

முதல் முயற்சியில் ஒன்றும் தெரியவில்லை. 1945 டிசம்பர் 15, சனிக்கிழமை. மறுபடி முயன்றார்கள். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் சமிக்ஞை இல்லை. கடைசியாக, காந்தத்தின் மின்னோட்டத்தைக் கணக்கிட்டதைவிட மேலே ஏற்றிவிட்டு மெதுவாகக் குறைத்துக்கொண்டு வந்தபோது, கருவியின் முள் நகர்ந்தது. அணுக்கரு காந்த ஒத்திசைவு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழுவும் தனியாக இதையே கண்டறிந்தது. 1952-ன் இயற்பியல் நோபல் இருவருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அப்போது பர்செலுக்கு வயது 40.

அந்த ஒரு பத்தி

பரிசு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். பின்னால் மிச்சமிருந்த அந்தப் பயம்தான் நம் கதைக்கு முக்கியம். கருக்கள் ஆற்றலை விட்டுக் கீழிறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

மேல்நிலையில் இருக்கும் அணுவோ கருவோ, யாரும் தட்டாமலேயே ஒரு கட்டத்தில் ஃபோட்டானை வெளியே விட்டுக் கீழே இறங்கும். இதற்குத் தன்னியல்பு உமிழ்வு என்று பெயர். இதற்கான கணக்கை ஐன்ஸ்டைன் 1916-லேயே போட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இது சில நானோவிநாடிகளில் நடக்கும். ஆனால் அதிர்வெண் குறையக் குறைய, அதன் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப வேகம் சரிந்துவிடும். ரேடியோ அலை வரைக்கும் வந்துவிட்டால்? 10 மெகாஹெர்ட்ஸில் ஓர் அணுக்கரு தானாகக் கீழிறங்க ஆகும் நேரம் 5-க்குப் பின்னால் 21 சுழியம் போட்டால் வரும் அத்தனை விநாடிகள். பிரபஞ்சத்தின் வயதைப்போல 10,000 மடங்குக்கும் மேல். நடக்கிற காரியமா?

பர்செல் இங்கே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கணக்கு, கரு வெட்டவெளியில் தனியாக இருப்பதாக வைத்துப் போட்டது. சோதனையிலோ கரு ஒரு ஒத்ததிர்வுச் சுற்றுக்குள் இருக்கிறதே! ரேடார்க்காரருக்கு இந்த வித்தியாசம் சட்டென்று உறைத்தது.

இதை ஒரு பேருந்தை வைத்துப் பார்க்கலாம். நெரிசலான பேருந்தில் இருந்து பயணிகள் இறங்கும் வேகம், பயணியின் அவசரத்தை மட்டும் பொறுத்ததா? வாசல் எத்தனை, எவ்வளவு அகலம் என்பதையும் பொறுத்தது. ஃபோட்டானும் அப்படித்தான். அது வெளியே வர வேண்டும் என்றால், அந்த நிறத்தில், அந்த இடத்தில், போய்ச்சேர ஓர் அலைவழி இருக்க வேண்டும். வெட்டவெளியில் வழிகள் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும். ஒத்ததிர்வுக் குழியோ, ஒரே அதிர்வெண்ணுக்கு மட்டும் மிக அகலமான வாசலைத் திறந்துவைக்கிறது. அப்போது உமிழ்வு வேகமாகும்.

எத்தனை மடங்கு? அதற்கும் சூத்திரம் கொடுத்தார். இரண்டே விஷயங்கள்தான். குழி அலையை எவ்வளவு நேரம் சிந்தாமல் வைத்திருக்கிறது என்பது தரக்காரணி. அது அதிகமானால் வேகமும் அதிகம். குழியின் கொள்ளளவு, அலைநீளத்தோடு ஒப்பிட, எவ்வளவு சிறியது என்பது இன்னொன்று. கொள்ளளவு சிறுத்தால் வேகம் கூடும். அவ்வளவுதான்.

1946-ல் அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தின் சுருக்கக் குறிப்புகளில் இது அச்சானது. ஒரே பத்தி. ஓர் உதாரணமும் சேர்த்திருந்தார். சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள உலோகத் துகள்களை மாதிரியில் கலந்தால், பிரபஞ்ச வயதைத் தாண்டிய அந்தக் காத்திருப்பு சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

அப்படின்னா உமிழ்வின் வேகம் அணுவின் பிறவிக்குணம் இல்லை. அணுவைச் சுற்றி என்ன கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். இயற்பியலின் பார்வையில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

தேவையே இல்லாமல் போனது

ஆனால் நடந்தது வேறு. மெழுகிலும் நீரிலும் கருக்கள் ஃபோட்டானை உமிழ்ந்து கீழிறங்கத் தேவையே இருக்கவில்லை. மூலக்கூறுகள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பதால் பக்கத்துக் கருக்களின் காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. அந்த ஆட்டமே கருக்களைக் கீழே தள்ளிவிடுகிறது. எல்லாம் விநாடிக்கணக்கில் முடிந்துவிடும். மாணவர் நிகோலாஸ் புளூம்பெர்கன், பவுண்ட் இருவரோடும் சேர்ந்து 1948-ல் இதைப் பர்செலே விரிவாக விளக்கினார். இன்றைய எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு திசு வெளுப்பாகவும் இன்னொன்று கருப்பாகவும் தெரிவதற்குப் பின்னால் இந்தத் தளர்வு நேரம்தான் இருக்கிறது.

ஆக, உலோகத் துகளும் வேண்டாம், குழியின் உதவியும் வேண்டாம். 1946-ன் பத்தி ஓரமாய்ப் போய்விட்டது. பர்செலும் அதைப் பிடித்துத் தொங்கவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

ஜன்னலில் ஒரு கொம்பு

அடுத்த வேலை விண்வெளி. விண்மீன்களுக்கு இடையில் மிதக்கும் ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையை உமிழும் என்று நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் வான் டி ஹல்ஸ்ட் 1944-ல் கணித்திருந்தார். ஒரு தனி அணு அப்படி உமிழச் சராசரியாக 1.1 கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அங்கே குழி கட்டி வேகப்படுத்த முடியாது. ஆனால் அணுக்களின் எண்ணிக்கை கணக்கில்லாதது. அதுவே போதும்.

மாணவர் ஹெரால்ட் ஈவனோடு சேர்ந்து, வெறும் 500 டாலர் நிதியுதவியில், ஒட்டுப்பலகையும் செப்புத் தகடும் வைத்து ஒரு கொம்பு ஆண்டெனா செய்தார்கள். ஹார்வர்டின் லைமன் ஆய்வக ஜன்னலுக்கு வெளியே அதை நீட்டி வைத்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் புனல்போல உள்ளே வந்துவிடும். 1951 மார்ச் 25 அன்று சமிக்ஞை கிடைத்தது. போட்டியில் இருந்த நெதர்லாந்து குழுவும், ஆஸ்திரேலியக் குழுவும் அதைச் சரிபார்க்கும்வரை பொறுத்திருந்து, அதன்பிறகே முடிவை வெளியிட்டார்கள். நம் பால்வீதியின் சுருள் கரங்களை வரைபடமாக்க வழிவிட்டது இந்த அலைதான்.

இதற்குப் பிறகும் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஐசனோவர் காலத்தில் அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் இருந்தார். மின்சாரமும் காந்தமும் பற்றி 1965-ல் எழுதிய பாடநூல் இன்றும் கல்லூரிகளில் ஓடுகிறது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பாக்டீரியா எப்படி நீந்துகிறது என்று ஆராயப் போனார்! ஹோவர்ட் பெர்க்கோடு சேர்ந்து 1977-ல் அவர் எழுதிய கட்டுரை உயிரியற்பியலில் அடிப்படையானது.

குழிக்குள் அணு

சரி, அந்த ஒரு பத்தி என்ன ஆச்சு?

1981-ல் எம்.ஐ.டி.யின் டேனியல் கிளெப்னர் அதைத் தலைகீழாக யோசித்தார். வாசலை அகலமாக்கினால் வேகம் கூடும் என்றால், வாசலை மூடினால்? அணு உமிழவே முடியாமல் தவிக்க வேண்டும் அல்லவா. 1983-ல் பாரிஸில் செர்ஜ் ஹரோஷ் குழு, குழிக்குள் போன அணு வேகமாக உமிழ்வதைக் காட்டியது. 1985-ல் கிளெப்னர் குழு, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அணுவை விட்டு, உமிழ்வைத் தடுத்தே காட்டிவிட்டது. ஹரோஷுக்கு 2012-ல் நோபல் கிடைத்தது. பர்செலின் கணக்கு சரிதான் என்பது ஐயமில்லாமல் நிரூபணமானது.

ஆனாலும் இதெல்லாம் பறந்துபோகும் அணுக்களை வைத்துச் செய்தது. கையில் பிடிக்கக்கூடிய ஒரு சில்லில் இதைச் செய்ய முடியுமா?

குவாண்டம் புள்ளிக்கு ஏன் குழி வேண்டும்?

குவாண்டம் புள்ளி என்பது சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ள குறைகடத்தித் தீவு. காலியம் ஆர்சனைடு படிகத்தின் மேல் இண்டியம் ஆர்சனைடை மெல்லிசாகப் படியவைத்தால், இரண்டின் அணு இடைவெளியும் பொருந்தாமல், படலம் தானாகவே சின்னச் சின்னத் தீவுகளாகத் திரண்டுவிடும். ஒவ்வொரு தீவும் ஒரு செயற்கை அணு. ஒரு துடிப்புக் கொடுத்தால் ஒரு ஃபோட்டானைத் தரும். குவாண்டம் தகவல்தொடர்புக்கும், ஒளியால் இயங்கும் குவாண்டம் கணினிக்கும் வேண்டியது இதுதான்.

ஆனால் மூன்று சிக்கல்கள். முதலாவது, ஒளி வெளியே வருவதில்லை. காலியம் ஆர்சனைடின் ஒளிவிலகல் எண் 3.5 அளவில் இருப்பதால், புள்ளி விடும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் மேற்பரப்பைத் தாண்டும். மீதி உள்ளேயே சுழன்று தொலையும். இரண்டாவது, புள்ளி எல்லாத் திசையிலும் உமிழும். மூன்றாவதுதான் பெரிய சிக்கல். புள்ளி உமிழ ஒரு நானோவிநாடி அளவில் ஆகும். அதற்குள் சுற்றியுள்ள படிகத்தின் அதிர்வும் மின்னேற்றமும் புள்ளியைக் கலைத்துவிடும். அப்புறம் வரும் ஃபோட்டான்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. குவாண்டம் கணக்குக்கு அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரியான ஃபோட்டான்கள் வேண்டும்.

மூன்றுக்கும் ஒரே மருந்து பர்செலின் பத்தியில் இருந்தது. புள்ளியைச் சுற்றிக் குழி கட்டு. கலைவதற்கு முன்பே உமிழவை. அதுவும் ஒரே வாசல் வழியாக.

உதாரணத்துக்கு, குழியின் கொள்ளளவு பொருளுக்குள் உள்ள அலைநீளத்தின் கன அளவே என்று வையுங்கள். தரக்காரணி 1,000. பர்செலின் சூத்திரப்படி உமிழ்வு அதிகபட்சம் 76 மடங்கு வேகமாகும். நடைமுறையில் இவ்வளவு வராது. காரணம், புள்ளி குழிக்குள் ஒளி மிகப் பலமாக இருக்கும் இடத்தில் சரியாக உட்கார வேண்டும்; புள்ளியின் நிறமும் குழியின் நிறமும் பொருந்த வேண்டும்; திசையும் ஒத்துப்போக வேண்டும்.

1998-ல் பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்தின் பாஞியூ ஆய்வகத்தில் ழான்-மிஷேல் ஜெரார் குழு இதைச் செய்துகாட்டியது. கீழும் மேலும் கண்ணாடி அடுக்குகள் வைத்த நுண்ணிய தூண். நடுவில் குவாண்டம் புள்ளிகள். உமிழ்வு 5 மடங்கு வரை வேகமானது. தொலைபேசி மேலாளரின் மகன் எழுதிய பத்தி, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் குறைகடத்திக்குள் உயிர்பெற்றது.

வடிவமைப்பில் கயிற்றில் நடப்பது

இன்று இந்தக் குழிகள் பல வடிவங்களில் வருகின்றன. தூண் வடிவம் ஒன்று. மெல்லிய தகட்டில் ஒழுங்காகத் துளைகள் போட்டு, நடுவில் சில துளைகளை மட்டும் போடாமல் விட்டு, அந்த இடத்தில் ஒளியைச் சிறைவைப்பது இன்னொன்று. குறிபார்க்கும் பலகைபோல வட்ட வட்டமாகப் பள்ளம் வெட்டுவது மற்றொன்று.

தரக்காரணியை ஏற்றிக்கொண்டே போனால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். தரக்காரணி ஏற ஏற, குழி ஏற்றுக்கொள்ளும் நிற வரம்பு ஒடுங்கும். வளரும்போது தீவுகள் எங்கே, எந்த அளவில் முளைக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒடுங்கிய வாசலுக்குள் அதைப் பொருத்த, வெப்பநிலையை மாற்றியோ மின்புலம் கொடுத்தோ இசைக்க வேண்டியிருக்கும். இன்னும் ஏற்றினால், ஒளி வெளியே வராமல் புள்ளிக்கும் குழிக்கும் நடுவே போய்ப் போய் வரும். 2004-ல் இரண்டு குழுக்கள் இதைப் பார்த்தன. அறிவியலுக்கு அது அருமையான காட்சி. ஆனால் ஃபோட்டானை வெளியே எடுக்க நினைப்பவருக்கு உதவாது.

அதனால்தான் வட்டப் பள்ள வடிவில் தரக்காரணியைச் சில நூறுக்குள்ளேயே வைத்து, கொள்ளளவைச் சிறிதாக்கி வேலையை முடிக்கிறார்கள். நிறப் பொருத்தம் கொஞ்சம் தவறினாலும் தாங்கும். இன்னொரு உத்தி, குழியை முதலில் கட்டாமல், புள்ளி எங்கே இருக்கிறது என்று ஒளிப்படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக் குழியை வெட்டுவது. எந்த வடிவம் எடுத்தாலும், தரக்காரணியும் கொள்ளளவும்தான் இரண்டு கைப்பிடிகள். 1946-ல் பர்செல் காட்டிய அதே இரண்டு.

பார்க்காமல் போனவர்

குவாண்டம் புள்ளியில் தன் விளைவு வேலை செய்வதைப் பர்செல் பார்க்கவில்லை. 1997 மார்ச் 7 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில், 84-வது வயதில் காலமானார். பிரெஞ்சு ஆய்வு வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு.

பர்செல் விட்டுப்போனவற்றில் எம்.ஆர்.ஐ.க்கான அடிப்படையும் பால்வீதியின் வரைபடமும் பெரியவை. ஆனால் ஒளியியல் ஆய்வகங்களில் தினமும் உச்சரிக்கப்படுவது அந்தச் சின்னப் பத்திதான். தவறான பயத்துக்காகப் போட்ட சரியான கணக்கு அது. பயம் தேவையில்லாமல் போனது. கணக்கு நின்றுவிட்டது.